பெயர் எங்களுடையது, அணி யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

லங்கா பிரீமியர் லீக் பற்றிக் கதை எழும்பும் ஒவ்வொரு முறையும் நம் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான். "எங்கட டீம்" என்பார்கள். ரீசேட் அடிக்கக் காசு, சந்தியில் பெரிய திரை வைக்கக் காசு, வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களிடமும் கேட்டுப் பார்ப்போம் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒரே கேள்வி. எந்த உரிமையில் அது எங்கள் அணி?

தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எந்த ஆட்டத்தில் யார் எத்தனை ஓட்டம் அடித்தார் என்று ஒப்புவிப்பார்கள். அணியை இப்போது வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் வகுப்பே மௌனம். பிள்ளைகளில் பிழையில்லை. ரீசேட்டுக்குக் காசு சேர்க்கும் பெரியவர்களுக்கும் தெரியாது.

அதனால் முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2020 நவம்பரில் லீக் தொடங்கியபோது பெயர் ஜப்னா ஸ்டேலியன்ஸ். புலம்பெயர் தமிழ்த் தொழில்முனைவோரும் சேர்ந்த ஒரு குழு நடத்தியது. திசர பெரேரா தலைமையில் முதல் பருவத்திலேயே கிண்ணம். அடுத்த வருடம் அந்தக் குழுவின் கையில் அணி இல்லை. லைக்கா நிறுவனத்தின் சுபாஸ்கரன் அல்லிராஜா எடுத்தார். பெயர் ஜப்னா கிங்ஸ் ஆனது. 2021, 2022, 2024 என்று மேலும் 3 கிண்ணங்கள். 5 பருவங்களில் 4 கிண்ணம். வேறு எந்த அணியும் கிட்டக்கூட வரவில்லை.

பிறகு 2025இல், ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் இரண்டினதும் உரிமையாளர்களின் ஒப்பந்தங்களை இரத்துச் செய்தார்கள். அந்த வருடக் கடைசியில் நடக்கவிருந்த போட்டியும் பிற்போடப்பட்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிவான் இல்லை. நான் கேட்பது வேறு. அணி கை மாறியபோதும், பெயர் மாறியபோதும், ஒப்பந்தம் கிழிந்தபோதும் யாழ்ப்பாணத்தானையோ கிளிநொச்சியானையோ ஒரு வார்த்தை கேட்டார்களா?

நமக்கு மட்டும் நடந்ததல்ல. தம்புள்ளையைப் பாருங்கள். வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்ஸர்ஸ். 5 பருவத்தில் 5 பெயர். தண்டர்ஸ் என்ற பெயரில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. 2024 மே மாதம் அதன் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார், ஒப்பந்தம் இரத்தானது, வேறு ஆள் வந்தார், பெயரும் போனது. தம்புள்ளைப் பிள்ளை வாங்கிய ரீசேட் வீட்டைத் துடைக்கத்தான் உதவும்.

இதன் உள்விவகாரம் விளங்கினால் ஆச்சரியம் வராது. லீக் ஸ்ரீலங்கா கிரிக்கெட்டுடையது. நடத்தும் உரிமையை துபாயில் இருக்கும் ஐ.பி.ஜி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். நாம் உரிமையாளர் என்று சொல்பவர், ஒப்பந்தம் இருக்கும்வரை காசு கட்டி அணியை நடத்துபவர். கடையை வாடகைக்கு எடுப்பது போலத்தான். வாடகை பிசகினால் கடை பூட்டப்படும். அடுத்தவர் வந்து பெயர்ப்பலகையின் இரண்டாவது சொல்லை மாற்றுவார். முதல் சொல் நம் ஊரின் பெயர். அது மாறாது. ஏனென்றால் கூட்டம் சேர்ப்பதே அந்தச் சொல்தான்.

"சேர், ஓனர் முல்லைத்தீவில பிறந்தவர், எங்கட ஆள்தானே" என்று அப்போது பலர் சொன்னார்கள். உண்மைதான், முல்லைத்தீவில் பிறந்தவர்தான். ஆனால் நம் தமிழில் சொந்தக்காரர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். உறவினரும் சொந்தக்காரர், உடைமைக்காரரும் சொந்தக்காரர். உடைமைக்காரர் நம் உறவு என்பதால் உடைமை நம்முடையதாகிவிடாது. எங்கட ஆள் இருந்தபோதும் அணி போனதா இல்லையா?

"வியாஸ்காந்த் வந்தது இந்த அணியால்தானே" என்பது அடுத்த வாதம். அதையும் மறுக்கவில்லை. யாழ் மத்திய கல்லூரிப் பிள்ளை 2020 டிசம்பரில் இந்த அணிக்குக் களமிறங்கினார், 2024இல் ஐ.பி.எல். வரை போனார். பெருமைதான். ஆனால் அவரை எடுத்தது அன்றைய நிர்வாகத்தின் விருப்பம். விருப்பத்தால் கிடைத்தது விருப்பம் மாறினால் நின்றுவிடும். இன்னொன்று, அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என்று சுற்றிய அந்த 5 பருவத்திலும் வடக்கு மண்ணில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. மண்டைதீவில் மைதானத்துக்கு அடிக்கல் நட்டதே 2025 செப்டம்பரில்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்தில் பிறந்தவன் நான். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு "முல்லைத்தீவு ஆக்கள்", "யாழ்ப்பாணத்து ஆக்கள்" என்று ஊர்ப் பெயரை மட்டும் சுமந்தவர்கள் நாங்கள். பெயர் கையில் இருப்பதும் ஊர் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மெனிக்பாம் முட்கம்பிக்குள் இருந்துவிட்டு வந்த என் தமிழ் உறவுகளுக்கும் தேவையில்லை.

வெளியுலகத்தில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் அத்லெட்டிக்ஸ் என்ற பேஸ்போல் அணி 1968 முதல் இருந்தது. அங்கே இருந்தபோது அதுவும் 4 முறைதான் உலகத் தொடரை வென்றது. உரிமையாளர் அணியை லாஸ் வேகாசுக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார். 2023 ஜூன் மாதம் ஒரே இரவில் 27 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மைதானத்துக்கு வந்து "அணியை விற்றுவிடு" என்று கத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2024 செப்டம்பர் 26ஆம் திகதி கடைசி உள்ளூர் ஆட்டம், அதோடு சரி. 50 வருடத்துக்கு மேலான பாசத்துக்கு ஒரு வாக்குக்கூட இல்லை.

அதே நாட்டில் கிரீன் பே என்று ஒரு சின்ன நகரம். ஒரு இலட்சம் பேரளவில் இருக்கும். அவர்களின் அமெரிக்கக் கால்பந்து அணியான பெக்கர்ஸுக்கு 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். பங்குக்கு இலாபம் கிடையாது, வாக்கு உண்டு. 1923 முதல் இந்த ஏற்பாடு. பணக்காரர் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

இது நமக்குப் புதிதா? நம் பள்ளிவாசலுக்கு முதலாளி இல்லை, நிர்வாக சபை இருக்கிறது. கோயிலுக்குப் பரிபாலன சபை இருக்கிறது. கிராமத்து விளையாட்டுக் கழகத்துக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்கூட்டம் இருக்கிறது. கணக்குப் பிழைத்தால் எழும்பி நின்று கேட்கலாம். சண்டை வரும், கதிரை பறக்கும். பறக்கட்டும். அமானிதம் என்றால் கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த உரிமையாளர் யாராக இருந்தாலும் வடக்கின் 5 மாவட்டக் கிரிக்கெட் சங்கங்களும் நம் பாராளுமன்ற உறுப்பினர்களும் ஸ்ரீலங்கா கிரிக்கெட்டிடம் மூன்றை எழுத்தில் கேட்க வேண்டும். வடக்கு வீரர்களுக்கான இடங்கள் ஒப்பந்தத்திலேயே எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். மைதானம் தயாரானதும் உள்ளூர் ஆட்டங்கள் இங்கே நடக்க வேண்டும். ஊர்ப் பெயரால் வரும் வருமானத்தில் ஒரு பங்கு வன்னிப் பாடசாலைகளின் கிரிக்கெட்டுக்கு வர வேண்டும். இதைத் தர முடியாதென்றால் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

ஆட்டத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாருங்கள், கைதட்டுங்கள். ஆனால் காசு கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்தக் கழகத்தின் கூட்டத்தில் எனக்கு ஒரு வாக்கு இருக்கிறதா? இருந்தால் கொடுங்கள். நம் ஊர்க் கழகத்துக்குப் பந்து இல்லை, ஆடுகள விரிப்பு கிழிந்து கிடக்கிறது. வாக்கு இல்லையென்றால் வீட்டில் இருந்து ரீவியில் பாருங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ரீசேட்டுக்குக் காசு சேர்க்கும் தம்பிமார் கட்டாயம் எழுதுங்கள்.