விழுவதற்கு என்ன கூலி?

மல்யுத்த ரசிகன் என்று தெரிந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அதெல்லாம் செட்டப் ஆச்சே?” கேட்பவர் முகத்தில் ஏதோ கொலைக் கேஸில் துப்புத் துலக்கிவிட்ட களை தெரியும். முப்பது வருடத்துக்கு மேலாக இதற்குப் பதில் சொல்லி வருகிறேன். ஆமாம், செட்டப்தான். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் அதை நடத்துகிறவர்களே 1989-ல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் சுவாரஸ்யமான சமாச்சாரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வயது இன்னும் அதிகம். “நீ என்ன பெரிய தாராசிங்கா?” என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு கிங்காங்கையும் தெரிந்திருக்கும். ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா என்பவர்தான் அந்த மலை போன்ற கிங்காங். பஞ்சாபின் தர்மூசக் கிராமத்திலிருந்து 1947-ல் சிங்கப்பூர் போய் அங்கே குஸ்தி பழகிய தாராசிங்கும் அவரும் ஊர் ஊராகப் போய் மோதினார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஜன்ம விரோதிகள். அடுத்த ஊரில் மறுபடியும் புத்தம் புதிய விரோதம். இதில் உள்ள கணக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்குப் புரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. புரிந்தே வாங்கினார்கள். தாராசிங் 1959-ல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டமும், 1968-ல் பம்பாயில் லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகப் பட்டமும் வென்றார். பிறகு டிவி ராமாயணத்தில் அனுமார், 2003-லிருந்து 2009 வரை மாநிலங்களவை உறுப்பினர் என்று கௌரவமாக வாழ்ந்து 2012-ல் மறைந்தார். கிங்காங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1970-ல் சாலை விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரில் இறந்துபோனார்.

தாராசிங்கைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் ஹமீதா பானு. ‘என்னைத் தோற்கடிப்பவனை மணந்துகொள்கிறேன்’ என்று ஆண் பயில்வான்களுக்குச் சவால் விட்ட பெண்மணி. 1954-ல் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடியில் மல்லாத்தினார். பம்பாய் மாகாணத்தில் தன் போட்டிகளுக்குத் தடை போடுகிறார்கள் என்று அவர் முறையிட்டபோது, முதல்வர் மொரார்ஜி தேசாய் தந்த பதிலைப் பாருங்கள்: பெண் என்பதால் தடையில்லை, எதிரே டம்மி ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது. அதாவது அதே செட்டப் கேள்வி. ஆனால் வெளிநாடு போய்க் குஸ்தி போட வேண்டும் என்று ஹமீதா ஆசைப்பட்டபோது, அதைத் தடுக்க அவருடைய பயிற்சியாளரே அவர் கைகளை அடித்து உடைத்தார் என்று அவரது பேரன் பிற்காலத்தில் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. கடைசிக் காலத்தில் பம்பாய் அருகே கல்யாணில் பால் விற்றும், அதுவும் போதாமல் வீட்டில் பலகாரம் செய்து தெருவோரம் விற்றும் பிழைத்தார். எதிராளிகள் டம்மியா, இல்லையா என்று எத்தனை பேர் கவலைப்பட்டார்கள்! அந்தக் கைகளைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முடிவு தெரிந்த சண்டையைப் பார்ப்பது நமக்கொன்றும் புதிதல்ல. திருவனந்தபுரம் ஜில்லாக் கோயில் திருவிழாக்களில் கதகளி நடக்கும். துரியோதன வதம் என்றால் ரௌத்ர பீமன் வரும்வரை ஜனங்கள் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். துச்சாதனன் சாகப்போவது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வட ஆற்காடு, தென்னாற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்தி, படுகளத்தை ஊரே கூடிப் பார்க்கும். அங்கே போய், “இது செட்டப் இல்லையா?” என்று யாராவது கேட்டால் அவரைப் பைத்தியம் என்பார்கள். மல்யுத்தமும் எனக்கு அந்த ரகம்தான்: நல்லவன், கெட்டவன், துரோகம், பழி, கடைசியில் ஒரு வதம். ஒரேயொரு வித்தியாசம், இங்கே துரியோதனன் பதினாறு அடி உயரத்திலிருந்து நிஜமாகவே விழ வேண்டும்.

எங்கள் வித்துரா, திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. கொஞ்சம் மேலே கல்லாறு, அதைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள், தேயிலை எஸ்டேட்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரப்பர் மரங்களின் தலைக்கு மேலாக கேபிள் ஒயர் எங்கள் தெருவுக்கு வந்தது. ஸ்டார் டிவியின் பிரைம் ஸ்போர்ட்ஸ் சானலில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தம். வர்ணனை இங்கிலீஷில்; பையன்கள் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். யாருக்கும் ஒன்றும் தடைப்படவில்லை. உடம்பே பேசும் பாஷைக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது இந்தியா முழுக்க ஒரே சமயத்தில் பரவிய வதந்தி. வித்துராவுக்கும் தவறாமல் வந்து சேர்ந்தது. டிரம்ப் கார்டு கட்டு ஒன்று இருந்தால் தெருவில் நீங்கள்தான் ஜமீன்தார். 1996-ல் ‘கிலாடியோன் கா கிலாடி’ என்ற இந்திப் படத்தில் அக்ஷய் குமாருடன் மோதியது அசல் அண்டர்டேக்கர் இல்லை, பிரையன் லீ என்ற வேறு ஆள் என்று நிரூபிக்க நான் செலவழித்த சாயங்காலங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லோருக்கும் ஹல்க் ஹோகன் என்றால் உயிர். எனக்கு பிரெட் ஹார்ட். ஹோகன் வந்தால் கூட்டம் எழும், சரி. 1987-ல் அவர் ஆந்த்ரே என்ற ராட்சதரைத் தூக்கிப் போட்டதைப் பார்க்க 93,173 பேர் வந்ததாகச் சொல்வார்கள் (அதுவும் ஊதிய கணக்கு என்று வாதம் உண்டு, இந்தத் தொழிலில் எடைக்கல்லே கொஞ்சம் கூடக்குறையத்தான்). ஆனால் வித்தை தெரிந்தவர் பிரெட். தூக்கிப் போடுகிறவனின் கையைக் கவனியுங்கள். நல்ல வீரன் எதிராளியின் கழுத்தைக் காப்பாற்றித்தான் கீழே விடுவான். விழுகிறவன் உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்து, அடி முதுகெங்கும் பரவும்படி விழுவான். முதுகெலும்பை இன்னொருவன் கையில் ஒப்படைப்பதுதான் இந்தத் தொழில். ஒருவரையும் காயப்படுத்தியதில்லை என்பதில் பிரெட்டுக்குப் பெருமை. அவருடைய முழுநேர ஆட்டத்துக்கே முடிவு கட்டியது, 1999 டிசம்பரில் இன்னொருவர் கவனமில்லாமல் தலையில் விட்ட ஒரு உதை.

என் அப்பா மலையில் ஒரு எஸ்டேட்டில் தேயிலை ஃபாக்டரி தொழிலாளி. பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். ரோலரில் இடது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்தவர். நஷ்டஈட்டுக்காக யூனியன்காரர்கள் மூன்று வருடம் அலைந்து வாங்கித் தந்தார்கள். ஒருநாள் என்னோடு உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்தார். செட்டப்பா என்று அவர் கேட்கவில்லை.

“ஏலே, இந்தா விழுதானே, இவனுக்குக் கூலி எவ்வளவுலே?”

“தெரியலப்பா.”

“இடுப்பு ஒடிஞ்சா எவன் பாப்பான்? யூனியன் இருக்கா?”

அப்பாவின் கேள்விக்குப் பதில் எனக்குத் தவணை தவணையாகத்தான் கிடைத்தது. 1998 ஜூனில் மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் கூண்டின் உச்சியிலிருந்து மேஜை மேல் தள்ளினார். அன்று ஃபோலியின் உடைந்த பல் ஒன்று மூக்குத் துவாரத்தில் போய்ச் சிக்கியிருந்தது. 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட்டைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள், ஒரு வேடிக்கை நுழைவுக்காக. கொக்கி விட்டுவிட்டது. சுமார் 78 அடி. இறந்துபோனார். நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. டிவியில் பார்த்தவர்களுக்கு மரணச் செய்தியைச் சொன்னார்கள். அரங்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் டிரம்ப் கார்டுகளில் இருந்தவர்கள் பிறகு வரிசையாகப் போனார்கள்: யோகோசுனா 34 வயதில், பிரிட்டிஷ் புல்டாக் 39 வயதில், எடி குரேரோ 38 வயதில். பலர் மரணத்தில் இதயக் கோளாறு. வலிக்கும் உடற்கட்டுக்கும் சாப்பிட்ட மருந்துகள் அதற்குப் பின்னால் இருந்தன.

இப்போது நியூ ஜெர்சிக்கு வருவோம். 1989-ல் ‘இது விளையாட்டுப் போட்டியே அல்ல, கேளிக்கை’ என்று அவர்கள் உண்மையைச் சொன்னது மனசாட்சி உறுத்தியதால் அல்ல. விளையாட்டு என்றால் மாநில ஆணையத்தின் மேற்பார்வை, உரிமம், டிவி வருமானத்தில் வரி, ஆட்டத்துக்கு முன் வீரருக்கு மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. கேளிக்கை என்றால் ஒன்றும் கிடையாது. சண்டை பொய் என்ற வாக்குமூலத்தால் ஒழிந்தது டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்.

யூனியன் விஷயம் இன்னும் மோசம். 1986-ல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்பவர் உடைமாற்றும் அறையில் சக வீரர்களிடம் சங்கம் வைப்போம் என்று பேசினார். யாரோ முதலாளி வின்ஸ் மக்மேனிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். போட்டுக்கொடுத்தது ஹல்க் ஹோகன் என்பது பின்னாளில் வென்ச்சுரா தொடர்ந்த வழக்கில் வெளிவந்தது. வென்ச்சுரா பிற்பாடு மின்னசோட்டா மாநில கவர்னரே ஆனார். சங்கம் மட்டும் வரவில்லை. ஹோகன் 2025 ஜூலையில் இறந்தபோது, தெருவில் உடன் பார்த்து வளர்ந்த பழைய கோஷ்டி போனில் அழாத குறை. நானும் வருத்தப்பட்டேன். ஆனால் அந்தச் சேதியையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொண்டேன்.

கேரளத்தில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது விசித்திரமாக இருக்கிறது. இங்கே மூட்டை தூக்குகிறவருக்கு 1978-லேயே சட்டம், அதன்படி நல வாரியம். அடுத்தவர் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கே ‘நோக்குகூலி’ என்று வாங்கிய காலமும் இருந்தது. அது கூடாது என்று 2018 மே தினத்தன்று அரசே நிறுத்தியது. மல்யுத்தத்தில் பார்க்கிறவன் காசு கொடுக்கிறான், விழுகிறவனோ நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் இல்லை, ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’. களத்தில் அடிபட்டால் சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்கிறது. 2010 முதல் நாற்காலியால் தலையில் அடிக்கத் தடை. இவை முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் எத்தனை மண்டைகள்!

நம்மவர் கதையும் உண்டு. இமாச்சலத்தின் தீரானா கிராமத்தில் கூலி வேலை செய்த தலீப் சிங் ராணா, பஞ்சாப் போலீசில் சேர்ந்து, பிறகு அமெரிக்கா போய் கிரேட் காளி ஆனார். 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டம். அவர் ஆட்டத்தை நான் ரசித்ததில்லை. அந்த முழங்கால்கள் அவரைத் தாங்கவே திணறின. இருந்தும் பட்டத்தை உயர்த்திப் பிடித்தபோது வித்துராவில் ஒருத்தன் பட்டாசு வெடித்தான். அவர் கலிபோர்னியாவில் பயிற்சி பெற்ற 2001-ல், அவரோடு பயின்ற ஓர் இளைஞர் பயிற்சியில் விழுந்து இறந்தார். பயிற்சிக்கூடத்தின் அலட்சியத்துக்காகக் குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் தரும்படி 2005-ல் ஜூரி தீர்ப்பளித்தது. காளி 2015-ல் ஜலந்தரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்கு இந்தியாவின் பல மூலைகளிலிருந்து பையன்களும் பெண்களும் போனார்கள். போகிறவர்களைப் பெற்றவர்கள் என் அப்பாவின் கேள்வியைக் கேட்டுவிட்டு அனுப்புகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

என் தங்கை மகன் இப்போது போனில் பார்க்கிறான். அதே கம்பெனி, பெயரில் மட்டும் 2002 முதல் கடைசி எழுத்து மாற்றம். பாண்டா கரடிச் சின்னம் வைத்த வனவிலங்கு நிதியத்தோடு நடந்த வழக்கில் தோற்றதன் பலன். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. முக்கிய வாராந்திர நிகழ்ச்சியை ஒளிபரப்ப நெட்ஃபிளிக்ஸ் போட்ட ஒப்பந்தம் 10 வருடத்துக்கு, 500 கோடி டாலருக்கு மேல். “அதுல விழுறவங்களுக்கு எவ்வளவு மாமா?” என்று கேட்டான். ஆளுக்கு ஆள் தனித்தனிப் பேரம், சங்கம் இன்னும் கிடையாது என்றேன்.