வழக்கறிந்து பேசுதல்

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை நோக்கிச் செல்லும் பெருவழியில் தியாகதுருகம் என்னும் ஊர் அமைந்துள்ளது. பாறைக் குன்றும் அதன்மேல் சிதைந்து நிற்கும் கோட்டை மதிலும் அவ்வூரின் அடையாளங்கள். துருகம் என்னும் சொல்லே மலைக்கோட்டையைக் குறிப்பதாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஐதர் அலியின் படையினரும் இக்கோட்டையைக் கைக்கொள்ளப் போரிட்டனர். ஆங்கிலேயர் தம் ஏடுகளில் இவ்வூரின் பெயரைத் 'தியாகர்' என்றே எழுதி வைத்தனர். முழுப் பெயர் அவர்தம் நாவிற்கு எளிதில் வரவில்லை போலும்! ஆயினும், பெயரைக் குறைத்து வழங்கியதற்காக அவர்கள் நாணியதாகத் தெரியவில்லை.

இன்று அதே குன்றின் அடியில் வாழும் மாணவரின் நிலை வேறு. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர். இலக்கணப் பயிற்சிகளுக்கு விடை எழுதுகின்றனர். தேர்விலும் நல்ல மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால், சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், "உங்களைப் பற்றிச் சிறிது சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒருவர் கேட்டவுடன் அவர்களுள் பலர் ஊமைபோல் நிற்கின்றனர். அறிவு இல்லாமையால் அன்று. சொல் தெரியாமையாலும் அன்று. ஏட்டில் கண்ட மொழி வேறு, எதிரில் இருப்பவர் வாயில் வரும் மொழி வேறு என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துக் காட்டாமையே காரணம். இக்குறையைப் போக்க வேண்டுமெனின், அன்றாட உரையாடலில் வழங்கும் தொடர்களைத் தொடர்களாகவே கற்றல் வேண்டும்.

தமிழ் இலக்கணம் அறிந்தார்க்கு இக்கருத்துப் புதியதன்று. உலக வழக்கு என்றும் செய்யுள் வழக்கு என்றும் மொழியின் இரு நிலைகளைப் பண்டைத் தமிழ் நூலோர் பகுத்துக் கூறினர். எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எவ்வாறு சான்றோர் வழங்கினரோ, அவ்வாறே வழங்குதல் மரபு என்றும் வரையறுத்தனர். யானையின் குட்டியைக் கன்று என்கிறோமே அன்றிக் குஞ்சு என்பதில்லை. ஏன் என்று வினவின் மரபு என்பதே விடை. ஆங்கிலத்திற்கும் இத்தகைய மரபு உண்டு. அதை இலக்கண விதியால் மட்டும் அறிந்துவிட இயலாது. வழங்குவோரிடம் கேட்டே அறிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தமிழர் ஒரு வீட்டிலிருந்து விடைபெறும்பொழுது, "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போய் வருகிறேன்" என்பர். மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்லும் தகுதி வழக்கின் மனப்பான்மை இத்தொடரில் விளங்குகிறது. பிரிவைச் சொல்லும்பொழுதே மீண்டும் வருதலையும் சேர்த்துச் சொல்லும் அன்பு அதில் உண்டு. ஆனால், இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, "ஐ வில் கோ அண்ட் கம்" என்று ஓர் ஆங்கிலேயரிடம் கூறினால், அவர் இவர் எங்கோ சென்று சிறிது நேரத்தில் திரும்புவார் என்று எண்ணிக் காத்திருப்பார். அதே அன்பை ஆங்கிலத்தில் கூற, "சீ யூ" என்னும் சிறு தொடர் போதும். 'மீண்டும் காண்போம்' என்னும் குறிப்பு அதில் அடங்கியிருக்கிறது. சொல் வேறுபட்டாலும் உள்ளம் ஒன்றே.

இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. "தண்ணீர் கொடு" என்பதற்கும் "தண்ணீர் கொடுங்கள்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் அறியும். ஆங்கில வினைச்சொல்லில் அத்தகைய விகுதி இல்லை. ஆதலால், தமிழ் மாணவன் பணிவோடு நினைத்த தொடரை "கிவ் மீ வாட்டர்" என்று பெயர்த்துக் கூறும்பொழுது, 'ங்கள்' என்னும் மரியாதை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கேட்பவர் காதில் அது கட்டளையாக விழுகிறது. மாணவன் பணிவுடையவனே, ஆனால் அவன் பணிவு மொழிபெயர்ப்பில் காணாமற் போயிற்று. ஆங்கிலத்தார் அம்மரியாதையை வினைக்கு வெளியே வைக்கின்றனர். "குட் யூ", "ப்ளீஸ்" என்பன அவர்தம் மரியாதை விகுதிகள் என்று கொள்ளலாம். "குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?" என்று முழுத் தொடராகவே பழகியவன் இவ்விடர்ப்பாட்டிற்கு ஆளாகான். இத்தொடர்களைக் கற்பது நாகரிக மினுக்கு அன்று. தன் நற்பண்பு பிறர்க்கு விளங்கச் செய்யும் வழி.

நன்றி கூறுதலும் அவ்வாறே. தமிழ் இல்லங்களில் சோறு பரிமாறும் தாய்க்கு மகன் நன்றி சொல்வதில்லை. சொன்னால் தாய் வியப்பாள். ஆங்கிலத்தார் வீட்டிலோ உப்புக் கிண்ணத்தை நகர்த்தித் தந்தாலும் "தேங்க் யூ" என்பர். தமிழர் ஒருவரைக் கண்டவுடன், "சாப்பிட்டீர்களா?" என்று வினவுவர். அது நலம் கேட்கும் முறை. அதனை அப்படியே ஆங்கிலத்தில் வினவினால், விருந்திற்கு அழைக்கின்றார் என்று கேட்பவர் கருதக்கூடும். அவர்கள் "ஹவ் ஆர் யூ?" என்பர். அதற்கும் நோய்நொடிகளையெல்லாம் விரித்து விடை கூற வேண்டுவதில்லை. இருதிறத்தார் வழக்கிலும் உயர்வு தாழ்வு இல்லை, வேறுபாடே உண்டு. அவ்வேறுபாட்டை அறிந்தவனே இரு மொழியும் அறிந்தவன்.

அயல்மொழியை இவ்வாறு வழக்கறிந்து கற்றவர்க்குத் தமிழகத்து வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. 1706ஆம் ஆண்டில் செருமானியரான சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். கற்றறிந்த அவர், தமிழ்ச் சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பயின்றார். ஓலைச்சுவடிகளைப் படிக்கும்பொழுது தனிச் சொற்களோடு நில்லாமல், தமிழர் ஒன்றைச் சொல்லும் முறைகளையும் குறித்துத் தொகுத்தார். அடுத்து வந்த வீரமாமுனிவர் 'தேம்பாவணி' பாடும் அளவிற்குச் செந்தமிழில் தேர்ந்தவர். அத்தகையவர் செந்தமிழுக்கு மட்டுமா இலக்கணம் எழுதினார்? மக்கள் பேசும் தமிழுக்கும் 'கொடுந்தமிழ்' இலக்கணம் என்ற பெயரில் இலத்தீன் மொழியில் தனி நூல் இயற்றினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஏட்டுத் தமிழ் மட்டும் அறிந்த அயலவர் சந்தையில் ஒரு படி அரிசி வாங்கவும் இடர்ப்படுவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தமிழுக்கு அவர் கண்ட உண்மை ஆங்கிலத்திற்கும் பொருந்தும்.

வழக்கை அறியாது உரையாடல் நூல் எழுதியவரின் கதையும் உண்டு. 1855ஆம் ஆண்டில் பெட்ரோ கரோலினோ என்பவர் போர்த்துக்கீசியருக்காக ஓர் ஆங்கில உரையாடல் நூலை வெளியிட்டார். அவருக்கு ஆங்கில வழக்கில் பழக்கம் இல்லை. பிரெஞ்சு மொழியில் இருந்த தொடர்களை அகராதியின் துணையால் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினார் என்பர். விளைவு யாது? கற்பிக்க எழுந்த நூல் நகைப்புக்குரிய நூலாயிற்று. 1883இல் அமெரிக்காவில் அதன் பதிப்பொன்று வெளிவந்தபொழுது, நகைச்சுவை எழுத்தாளர் மார்க் டுவெய்ன் அதற்கு முன்னுரை எழுதினார். சொற்கள் அனைத்தும் ஆங்கிலமாக இருந்தும் தொடர்கள் ஆங்கிலமாகவில்லை. செங்கற்களைக் குவித்தால் மட்டும் வீடு ஆகிவிடுமா?

இதற்கு மாறாக, ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கில அறிஞர் ஜப்பானில் பணிபுரிந்த காலத்தில், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு இணைந்து வரும் என்பதை ஆராய்ந்தார். அவ்வாறு இணைந்து வரும் ஆங்கிலத் தொடர்களைத் தொகுத்து 1933இல் டோக்கியோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் வழியில் வந்த ஹார்ன்பி என்பவரின் அகராதி 1942இல் ஜப்பானிலும், பின்னர் 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாகவும் வெளிவந்தது. தனிச்சொற்களைவிடத் தொடர்களே அயல்மொழி கற்பார்க்குப் பெருந்துணை என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆயினும், எத்தகைய தொடர்களைக் கற்பது என்பதிலும் கருத்து வேண்டும். பெருமழையைக் குறிக்கப் பூனையும் நாயும் பொழிவதாகக் கூறும் ஆங்கிலத் தொடரைச் சிலர் ஆர்வத்தோடு மனப்பாடம் செய்கின்றனர். இன்று ஆங்கிலேயர் அதனை அருகியே வழங்குகின்றனர். தமிழ் கற்கும் அயலவர் ஒருவர் வாய் திறக்குந்தோறும் ஒரு பழமொழி கூறினால் எப்படி இருக்கும்? அணிகலன் பூண்டு வயலுக்குச் செல்வது போலன்றோ இருக்கும்? ஆதலால், அழகிய தொடர்களைப் பின்னர் கற்கலாம். பயன்படும் தொடர்களை முதலில் கற்க வேண்டும்.

பயன்படும் தொடர்களுள்ளும் தலைமையானவை எவை? தம் அறியாமையை ஒளிக்காது கூறும் தொடர்களே. "சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்" என்றால் தாங்கள் கூறியது செவிப்படவில்லை என்பது பொருள். "குட் யூ ஸே தட் அகெய்ன்?" என்பது மீண்டும் கூறுமாறு வேண்டுவது. "வாட் டஸ் தட் மீன்?" என்பது பொருள் வினவுவது. இம்மூன்றும் அறியாதவன், எல்லாவற்றிற்கும் "யெஸ் சார்" என்று தலையசைக்கிறான். புரியாமல் தலையசைத்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவன் அயல்நாட்டில் படும் துன்பம் எத்தகையது! மருந்தின் அளவைச் சரியாகக் கேட்டறியாத செவிலியால் நோயாளிக்கு நேரும் தீங்கு எத்தகையது! மீண்டும் கேட்பது இழிவன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் நடிப்பதே இழிவு. ஆங்கிலம் பேசுவதன் முதற்படி, புரியவில்லை என்று துணிந்து கூறுதலே ஆகும்.

தொடர்களை மனப்பாடம் செய்வது கிளிப்பிள்ளைப் பேச்சாகாதோ என்று சிலர் ஐயுறுவர். இலக்கணத்தை ஒதுக்கிவிட்டுத் தொடர்களை மட்டும் உருவேற்றுபவர்க்கு அவ்வையம் பொருந்தும். மாலையில் ஒருவரைச் சந்தித்தவுடன் "குட் நைட்" என்பவன் தொடரை அறிவான். அது விடைபெறும்பொழுது கூறுவது என்னும் இடத்தை அறியான். ஆகவே தொடரும் இடமும் ஒருங்கே கற்கப்பட வேண்டும். இலக்கணம் வேலியாகவும், தொடர் பயிராகவும் இருத்தல் நன்று. வேலியில்லாப் பயிர் மேய்ந்தழியும். பயிரில்லா நிலத்திற்கு வேலியால் பயன் யாது?

ஆங்கிலேயரைப் போலவே ஒலிக்க வேண்டும் என்று மூக்காலும் உதட்டாலும் முயல்வோரும் உளர். இது வேண்டாத வருத்தம். இங்கிலாந்திலேயே ஊருக்கு ஊர் ஒலிப்பு வேறுபடும். இயல்பாகப் பேசுதல் என்பது பிறராக மாறுவதன்று; தடையின்றியும், தெளிவாகவும், இடத்திற்கேற்பவும் பேசுதலே ஆகும். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த சீனிவாச சாஸ்திரியாரை, வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று உலகம் புகழ்ந்தது. அவர் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து வழங்கியமையாலேயே அப்பெயர் பெற்றார்.

ஆங்கிலம் பிறரிடமிருந்து கொள்ளத் தயங்கிய மொழியும் அன்று. தமிழரின் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் பெயரோடு ஏற்றுக்கொண்டது. இந்தியர் பெரிதும் வழங்கும் 'ப்ரீபோன்' என்னும் சொல், குறித்த நாளுக்கு முன்னதாக ஒன்றை மாற்றி வைத்தல் என்னும் பொருளில் இன்று ஆங்கில அகராதியிலும் இடம்பெற்றுள்ளது. கொண்டும் கொடுத்தும் வளர்வதே மொழி. அதன் முன் கூனி நிற்க வேண்டுவதில்லை. அதனை வெறுத்து ஒதுக்கவும் வேண்டுவதில்லை.

கற்கும் வழியும் அரிதன்று. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலம் பேசும் பயிற்சியும் ஒரு பகுதியாகும். அது கிட்டும் வரையில் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு மூன்று தொடர்களைக் குறிப்பேட்டில் எழுதலாம். ஒவ்வொன்றிற்கும் எதிரே, அதனை யார், யாரிடம், எப்பொழுது கூறுவர் என்பதையும் எழுதலாம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம். பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில் இரு நண்பர் கடைக்காரராகவும் வாங்குபவராகவும் மாறி மாறிப் பேசலாம். பிழை நேர்ந்தால் திருத்த வேண்டும், நகைத்தல் கூடாது. ஒரு நகைப்பு ஓர் இளைஞனின் வாயைப் பல ஆண்டுகள் மூடிவிடும் வலிமை உடையது.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மாணவனும், தியாகதுருகத்துக் குன்றின் நிழலில் வளரும் மாணவியும் தம் தாய்மொழியில் யாரிடம் எதை எப்படிப் பேசுவது என்பதை ஏற்கெனவே நன்கறிவர். பாட்டியிடம் ஒருவிதமாகவும் ஆசிரியரிடம் வேறு விதமாகவும் பேச அவர்களுக்கு யாரும் விதி கூறவில்லை. கேட்டுக் கேட்டே கற்றனர். அந்தச் செவி இன்றும் அவர்களிடம் உள்ளது. அச்செவியை ஆங்கிலத்தின்பாலும் திருப்புதல் வேண்டும். தமிழில் "போய் வருகிறேன்" என்பதன் அருமையை உணர்ந்தவர்க்கே, "சீ யூ" என்பதன் இனிமையும் விளங்கும். அவ்விரண்டையும் உரிய இடத்தில் கூறவல்ல இளைஞர் எந்த ஊர் சென்றாலும் நாணித் தலைகுனியார். தம் குன்றைப் போலவே நிமிர்ந்து நிற்பர்.