பேட்டி காண ஆளில்லை



வேலைக்கு மனுப் போட்ட பிள்ளையைத் தொழிற்சாலை வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசுவது குறைந்து வருகிறது. முதலில் கணினி மனுவைச் சலிக்கிறது. அதில் தப்பினால் கைப்பேசியில் பேட்டி. எதிரே ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும், நேரம் ஓடும், தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். கேள்வி புரியலைன்னா திரும்பக் கேட்க வழியில்லை. பதிவை அதிகாரி பார்த்தாரா, இயந்திரமே மதிப்பெண் போட்டதா என்பதும் தெரியாது.

“பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் பதிவாயிடுச்சே, அதனாலதான் தள்ளிட்டாங்களா?” என்று ஜாசின் பக்கத்துத் தாயார் ஒருவர் கேட்டார். நான் என்ன சொல்வேன்? பெரட்டில் பேர் விடுபட்டால் கிராணியைக் கேட்கலாம், தண்டலிடம் சண்டையாவது போடலாம். இங்கே யாரிடம் போவது?

இயந்திரத்துக்குப் பட்சபாதம் கிடையாது என்பார்கள். அது பெரிய புளுகு. அமெரிக்காவின் அமேசான் கம்பெனி, பத்தாண்டுக்கால மனுக்களைக் காட்டி ஒரு கணினிக்கு ஆள் பொறுக்கப் பழக்கியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் போட்டவை. ஆகவே ‘பெண்கள்’ என்ற சொல் வந்த மனுக்களை அது கீழே தள்ளியது. சரிப்படாமல் அதைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளியானது. படித்த பெண்களுக்கே அந்தக் கதி! வீடியோ பேட்டி நடத்தும் ஹயர்வியூ கம்பெனி, முகபாவனையைக் கணித்து மதிப்பெண் போட்டுவந்தது. 2019இல் அதன்மேல் புகார் போனது. முகக் கணிப்பை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அது அறிவித்தது. பேசும் சொற்களைக் கணிப்பதை மட்டும் விடவில்லை.

நம் நாட்டில் என்ன நிலை? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பாகுபாட்டை விசாரிக்கும் 69எஃப் பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்குத்தான். வேலை கேட்டு நிற்பவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையாம்! வாசலிலேயே தள்ளப்பட்டவனுக்குத் தொழிலாளர் இலாகாவில் அந்தக் கதவு திறக்காது. இந்தப் பிரிவு மனுதாரருக்கும் நீள வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டாக வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது 2010ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். உங்கள் பிள்ளையைப் பற்றிக் கம்பெனி வைத்திருக்கும் தகவலை எழுத்து மூலம் கேட்கலாம். 21 நாளில் பதில் தர வேண்டும். ஏன் தள்ளினார்கள் என்று அதில் வராமல் போகலாம், ஆனாலும் கேளுங்கள். எதற்காகத் தகவல் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். பொத்தானை அமுக்குமுன் அதைப் படம் பிடித்து வையுங்கள். மனுப் போட்ட தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லையென்றால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள்.