எடை குறைந்த ட்ரோனுக்கும் தேர்வு வேண்டும்

பிரிட்டனில் 100 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள ட்ரோனை வெளியிடத்தில் பறக்கவிடும் எவரும், 2026 ஜனவரி 1 முதல், இணையவழித் தேர்வில் தேறி அடையாள எண் பெற்றிருக்க வேண்டும். அதற்கு முன்பு இந்த வரம்பு 250 கிராம். வாழைப்பழ எடையுள்ள பொருளுக்குக்கூடத் தேர்வா என்று பொழுதுபோக்காளர்கள் சலித்துக்கொள்ளலாம். ஆனால் இது சரியான முடிவு. சொல்லப்போனால், தாமதமாக வந்த முடிவு.

எடையை அளவுகோலாக்கியதற்குக் காரணம் இருந்தது. கனமான பொருள் தலையில் விழுந்தால் காயம் பெரிது. அதனால் கனமான ட்ரோன்கள் பொதுவாக மக்களிடமிருந்து 50 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 250 கிராமுக்குக் குறைந்தவையோ ஊருக்குள் பறக்கலாம். கூட்டத்துக்கு மேல் கூடாதே தவிர, ஆட்களின் தலைக்கு மேலேயும் போகலாம். விளைவு என்ன? மனிதர்களுக்கு மிக அருகில் பறக்கவிடுபவர்தான் எதையும் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவராக இருந்தார். தயாரிப்பாளர்களும் இந்த இடைவெளியைக் குறிவைத்தார்கள். டிஜேஐ நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மேவிக் மினியின் எடை 249 கிராம். ஆனால் 120 மீட்டர் உயர வரம்பு, ட்ரோன் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்ற விதி, விமான நிலையங்களைச் சுற்றியுள்ள தடைப்பகுதி ஆகிய எவையும் எடை பார்ப்பதில்லை. தாழப் பறந்து வரும் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கு எப்படி வழிவிடுவது என்பது, சிறிய ட்ரோன் வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதானே?

தவறு செய்ய நினைப்பவன் தேர்வு எழுதிவிட்டா வருவான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2018 டிசம்பரில் ட்ரோன் தென்பட்டதாக வந்த தகவல்களால் லண்டனின் கேட்விக் விமான நிலையம் முடங்கியது. சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டும், குற்றவாளி என்று ஒருவரும் அகப்படவில்லை. அப்படிப்பட்டவரை எந்தத் தேர்வும் தடுக்காது. தேர்வு அவருக்கானதும் அல்ல. பரிசாக வந்த ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பூங்காவில் பறக்கவிட்டுப் பார்க்கும் சாதாரண மனிதருக்கானது அது. சுமை என்ற வாதமும் நிற்காது: தேர்வுக்குக் கட்டணம் இல்லை, 40 கேள்விகளில் 30-க்குச் சரியாக விடையளித்தால் போதும், விதிக்கையேட்டைப் பார்த்தே எழுதலாம், தேறினால் ஐந்தாண்டு செல்லும். பார்த்து எழுதுவதால் தேர்வு வலுவிழக்கிறது என்று நான் நினைக்கவில்லை. விதிகளை ஒருமுறையாவது வாசிக்கவைப்பதே இதன் பயன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கேமரா ட்ரோனின் உரிமையாளர் தம் பதிவு எண்ணை அதன் மீது ஒட்ட வேண்டும். வீட்டுக் கொல்லைக்கு மேல் நிற்கும் ட்ரோனில் ஒட்டிய எண்ணைக் கீழேயிருந்து யாரால் படிக்க முடியும்? பறக்கும்போதே அடையாளத்தைச் சமிக்ஞையாகப் பரப்பும் ரிமோட் ஐடி வசதி, கனமான புதிய வகைகளுக்கு 2026-இலேயே கட்டாயமாகிவிட்டது. கேமரா உள்ள சிறிய ட்ரோன்களுக்கு 2028 ஜனவரி வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே விற்றுப்போன பழைய ட்ரோன்களுக்கு அந்த அவகாசம் பொருந்தும். இனிமேல் கடைக்கு வரும் சிறிய கேமரா ட்ரோன்களுக்கு அது எதற்கு? அவற்றுக்கான தேதியை மட்டுமாவது பிரிட்டன் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.