தெருக்குழாயில் மோட்டார்

சாந்தோமின் குறுகிய தெருக்களில் ஃபஜ்ர் பாங்குக்கு முன்பே மோட்டார் ஓசை எழுந்துவிடுகிறது. குடிநீர் வாரியக் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறோம். கேட்டால், அழுத்தம் போதவில்லை என்கிறோம். இது தடைசெய்யப்பட்ட செயல் என்பதை நாம் அறியாதவர்களல்லர்.

அக்குழாயில் வருவது தெருவினர் அனைவரின் ஹக். நாம் இழுக்கும் நேரத்தில் கடைசி வீட்டு அடிபம்பில் காற்றுதான் வருகிறது. தீங்கு அதோடு நிற்பதுமில்லை. உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் குறைந்து, விரிசல்களின் வழியே மண்ணிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அதை அண்டை வீட்டுக் குழந்தையும் குடிக்கிறது, நம் குழந்தையும் குடிக்கிறது.

பிறர் உரிமையைப் பறித்த நீரால் ஒளூச் செய்தால், ஷாஃபிஈ மத்ஹபில் ஒளூ கூடிவிடும், பாவம் நீங்காது. ஹன்பலி மத்ஹபிலோ கூடுவதே இல்லை. ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களைப் பயானில் புகழ்கிறோம். வீட்டில் பொதுக்குழாயைத் தனதாக்குகிறோம்!

அழுத்தத்துக்கு ஹலாலான வழி உண்டு. வாரிய நீர் தானாகத் தரைத்தொட்டியில் விழட்டும்; அங்கிருந்து மோட்டார் மாடித்தொட்டிக்கு ஏற்றட்டும். 10 மீட்டர் உயரம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மேல்தளத்தில் அது போதாதெனில், மாடித்தொட்டிக்குப் பின் சிறு பிரஷர் பம்பு வைக்கலாம். ஒளூவுக்கு அதுவும் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில் ஒளூச் செய்தார்கள்.

பள்ளிவாசல் மோட்டார் எங்கிருந்து இழுக்கிறது என்பதையும் நிர்வாகிகள் இந்த ஜும்ஆவுக்குள் பார்த்துவிடட்டும்.