ஆய்வு மேசையில் ஒரு மூன்றாம் ஆள் வேண்டும்

பல்கலைக்கழகமும் வர்த்தகர்களும் கைகோர்க்க வேண்டும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் நெடுநாளாகக் கேட்கின்றது. அதற்கான ஏற்பாடுகளும் இல்லாமல் இல்லை. 2017 இல் உலக வங்கி ஒப்புதல் வழங்கிய 10 கோடி டொலர் உயர்கல்வித் திட்டம், அரச பல்கலைக்கழகங்களின் வணிக இணைப்பு அலகுகளுக்குக் கைகொடுத்தது. யாழ். பல்கலைக்கழகத்திலும் அப்படியோர் அலகு உண்டு. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கின்றது. விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன.

இப்படியான இடமொன்றிலிருந்து நாளை உங்களுக்கு ஓர் அழைப்பு வரலாம். வெங்காயத்தைப் பழுதாகாமல் வைத்திருப்பது, பனம் பண்டங்களின் ஆயுளைக் கூட்டுவது, கருவாட்டைச் சுத்தமாக உலர்த்துவது என்று ஏதோவொரு விடயத்தில் கூட்டாக ஆய்வு செய்வோம், நீங்களும் ஒரு பங்குக் காசு போடுங்கள் என்று கேட்கலாம். அப்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி “எவ்வளவு காசு?” என்பதல்ல. “இந்த வேலை எமக்குப் பயன்படுகின்றதா என்று இடையிடையே பார்த்துச் சொல்லப் போகிறவர் யார்?” என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டிருக்கின்றார்கள். அங்குள்ள தேசிய விஞ்ஞான மன்றம் 1973 இல் பல்கலைக்கழகத்தையும் தொழிற்றுறையையும் இணைக்கும் முயற்சியைப் பரீட்சார்த்தமாக மூன்று இடங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று தளபாடத் தொழிலுக்கானது, இன்னொன்று மின்சக்தித் துறைக்கானது. ஆனால் தன் காலில் நின்றது எம்.ஐ.டி.யில் அமைந்த பொலிமர் நிலையம் மாத்திரமே. அந்த அனுபவத்தின் மேல் வளர்ந்த கூட்டு ஆய்வு நிலையங்களில் பல கம்பனிகள் சேர்ந்து ஆண்டுச் சந்தா கட்டுகின்றன. எந்த ஆய்வைச் செய்வது என்பதில் அக்கம்பனிகளின் ஆலோசனைச் சபைக்குக் குரல் உண்டு.

இந்நிலையங்களின் அமைப்பிலேயே ஒரு மதிப்பீட்டாளரையும் சேர்த்தார்கள். அவர் ஆய்வாளரும் அல்லர், கம்பனிக்காரரும் அல்லர். மனித நடத்தையையும் நிறுவனங்களின் போக்கையும் படித்த ஒருவராகவே பெரும்பாலும் இருப்பார். இந்த மதிப்பீட்டு முறையைப் பல்லாண்டு காலம் வழிநடத்திய டெனிஸ் கிரே என்பவரும் வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியரே.

மதிப்பீட்டாளரைக் கணக்காய்வாளர் என்று எண்ணிவிடக் கூடாது. கணக்காய்வாளர் காசு எங்கே போனது என்று பார்ப்பார். மதிப்பீட்டாளரோ போன காசுக்கு எவருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பார். ஆலோசனைச் சபைக் கூட்டங்களில் அவரும் அமர்ந்திருப்பார். ஒவ்வோர் ஆய்வும் விளக்கப்பட்டதும் உறுப்பினர்களுக்கு ஒரு சிறு படிவம் போகும். மிகுந்த ஆர்வம் உண்டு, மாற்றம் செய்தால் ஆர்வம் உண்டு, ஆர்வம் இல்லை என்பன போன்ற தெரிவுகளில் ஒன்றைக் குறித்து, பக்கத்தில் காரணத்தையும் எழுதலாம். அந்தக் கருத்துகள் அதே கூட்டத்திலேயே பேசப்படும், ஆய்வாளரும் அங்கேயே பதில் சொல்வார். இதனால் பிழையான பாதையில் போகும் ஆய்வு மூன்று வருடம் கழித்தல்ல, ஆறு மாதத்திலேயே திருத்தப்பட இடமுண்டு.

இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. சந்தாவை நிறுத்திக்கொண்டு விலகும் கம்பனியிடம் சென்று, ஏன் விலகினீர்கள் என்று விசாரிப்பார். இதன் பெறுமதி வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் சத்தம் போடும் வாடிக்கையாளரால் நட்டமில்லை, அவர் நாளையும் வருவார். சத்தமில்லாமல் அடுத்த கடைக்குப் போகிறவர்தான் நட்டம். அவர் ஏன் போனார் என்று அறிந்தவனே கடையைத் திருத்துவான்.

எமது பக்கத்தில் இப்படியொருவரின் தேவை இன்னும் அதிகம். 2008 இல் அரசாங்கத்துடன் பிரண்டிக்ஸ், டயலொக், ஹேலிஸ், லோட்ஸ்டார், எம்.ஏ.எஸ். ஆகிய கம்பனிகள் சேர்ந்து இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தை அமைத்தன. அத்தகைய கம்பனிகளிடம் பொறியியலாளரும் உண்டு, சட்டத்தரணியும் உண்டு. பேராசிரியரிடம் முகத்துக்கு நேரே கேள்வி கேட்க அவர்களுக்குத் தயக்கமில்லை. நான்கு பேரை வைத்து வேலை செய்யும் எமது சிறு முதலாளி அப்படியல்ல. ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போவார். விளங்காததைக் கேட்கக் கூச்சப்பட்டு, “நல்லது சேர்” என்று சொல்லிவிட்டு வருவார். அடுத்த கூட்டத்துக்குப் போகமாட்டார். பல்கலைக்கழகமோ வர்த்தகர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதி வைக்கும். இரண்டு பக்கமும் உண்மை வெளிவராமலே கதை முடிந்துவிடும்.

விரிவுரையாளர்களையும் குறை சொல்வதற்கில்லை. அவர்களின் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரைகளோடு பிணைந்தது. எமது கணக்கோ அடுத்த பருவத்துச் சரக்கில் நிற்கின்றது. மேலும், மாதிரிச் சரக்கைக் கொடுக்காமலும் கேட்ட விபரத்தைச் சொல்லாமலும் இருந்துவிட்டு, பின்னர் பல்கலைக்கழகம் ஒன்றும் செய்யவில்லை என்று பேசும் வர்த்தகரும் எம்மிடையே உண்டு. நேர்மையான மதிப்பீட்டாளர் அதையும் எழுதுவார், எழுதத்தான் வேண்டும்.

இதற்கும் ஒரு சம்பளமா என்று சிலர் கேட்கலாம். இது முழுநேர உத்தியோகம் அல்ல. வருடத்தில் இரண்டு கூட்டம், சில நேர்காணல்கள், ஓர் அறிக்கை, அவ்வளவுதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் அவசியம். ஒன்று, அவர் அதே ஆய்வு நிலையத்தின் ஆளாக இருக்கக் கூடாது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தோ பேராதனையிலிருந்தோ முகாமைத்துவம் அல்லது சமூகவியல் படிப்பிக்கும் ஒருவரை அழைக்கலாம். மற்றையது, அவரது அறிக்கை பணிப்பாளரின் லாச்சியில் உறங்காமல் காசு போட்ட ஒவ்வொருவருக்கும் தமிழில் கிடைக்க வேண்டும்.

ஆகவே ஒப்பந்தப் பத்திரம் உங்கள் முன் வைக்கப்படும்போது, இவை இரண்டும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். தனி ஆளாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் வர்த்தக சங்கத்தின் மூலம் கேளுங்கள். தராசு சரியா என்று சரக்கு வாங்கும் முன்னரே பார்ப்பதுதான் வியாபாரியின் பழக்கம். ஆய்வுக்குக் காசு போடும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை ஏன் கைவிட வேண்டும்?