ஒரு டைல் உடைஞ்சா சுவரையே உடைக்கணுமா?

சங்கரன்கோவில்காரங்களுக்குத் தெரியும், ஆடித்தபசு வந்தா வீடு சொந்தக்காரங்களால நிறைஞ்சிடும். போன வருஷம் அதுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்க ஆச்சி வீட்டு பாத்ரூம்ல, குழாய்க்குக் கீழே ஒரு டைல் விரிசல் விட்டு மூலை பெயர்ந்துடுச்சு. ஆச்சி அதுல கையைக் கிழிச்சுக்கிட்டாங்க. பார்க்க வந்த கொத்தனார் அண்ணாச்சி, "ஒண்ணை எடுத்தா பக்கத்துல உள்ளதும் போயிரும் தம்பி, மொத்தமா தட்டிருவோம்"னாரு.

மூணு வருஷம் சிவில் படிச்ச நான் வாயே திறக்கல. பீமுக்கு பெண்டிங் மொமெண்ட் போடுவேன், ஒரு டைலைக் கழட்டத் தெரியாது. உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

யோசிச்சா இது நாம படிச்சதுதான். பக்கத்து டைல் ஏன் உடையுது? நடுவுல இருக்கிற கிரவுட், சுத்தியல் அடியை அப்படியே அடுத்த டைலுக்குக் கடத்துது. அந்தப் பாதையை முதல்ல வெட்டணும். ஹேக்சா பிளேடுல துணி சுத்திப் பிடிச்சு நாலு பக்கமும் கிரவுட்டைச் சுரண்டி எடுங்க. சலிப்பான வேலைதான், ஆனா பாதி வெற்றி இங்கதான். பழைய வீடுகள்ல இடைவெளியே விடாம ஒட்டியிருப்பாங்க. அப்போ கட்டிங் மெஷினால, உடைஞ்ச டைலுக்குள்ளேயே ஓரத்துல இருந்து அரை இஞ்ச் தள்ளி ஒரு கோடு வெட்டிக்கலாம்.

அப்புறம் நடுவுல டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டி, அது மேல நாலஞ்சு ஓட்டை போடுங்க. டேப் இருந்தா பிட் வழுக்காது. டிரில்லை ஹேமர் மோடுல வைக்காதீங்க. பின்னாடி பைப் போகலாம், அதனால டைல் கனத்துக்கு மேல பிட் இறங்கக் கூடாது. உளியை நடுவுல வச்சு மெதுவா தட்டி, வெளிப்பக்கமா வாங்க. கடைசியா நிக்கிற ஓரத் துண்டுகளை காலியான நடுப்பக்கமா நெம்பணும். பக்கத்து டைல் மேல உளியை முட்டுக் கொடுத்தா அது காலி. கண்ணாடி, கையுறை கட்டாயம். தண்ணி போற ஓட்டையைத் துணியால அடைச்சிருங்க.

டைல் வந்ததும்தான் உண்மை தெரிஞ்சது. பின்னாடி அஞ்சு இடத்துல சிமெண்ட் உருண்டை, மத்த இடமெல்லாம் வெறும் பொந்து. ஒரு வாளி இடிச்சாலே உடையாம என்ன செய்யும்? முழுப் பரப்புக்கும் பசை பூசி ஒட்டியிருக்கணும். டைல் பசைக்குன்னே ஐ.எஸ். 15477 இருக்கு. ஐ.எஸ். 456-ஐக் கரைச்சுக் குடிச்ச நமக்கு இதை யாரும் சொல்லல. புதுசா கட்டுறதுக்குத்தான் பாடத்திட்டம். ஆனா நம்ம ஊர்ல வேலைக்குப் போனா பாதி நாள் பழுது பார்க்கிறதுதானே?

அண்ணாச்சி சொன்னது முழுத் தப்புன்னும் சொல்ல மாட்டேன். விரல் முட்டியால சுத்தி இருக்கிற டைல்களைத் தட்டிப் பாருங்க. வரிசையா பொந்துச் சத்தம் கேட்டா அவர் சொன்னதுதான் சரி. எங்களுக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு.

பழைய சிமெண்டைச் செதுக்கி, புது டைலை ஒட்டி, மறுநாள் கிரவுட் போட்டோம். டிசைன் மட்டும் கிடைக்கல. மோர்பியில இருந்து வர்ற டைல்ல சில வருஷத்துலேயே மாடல் மாறிடுது, ஒரே மாடல்லயே ஷேடும் மாறும். ஆச்சி வெள்ளை டைலே போதும்னுட்டாங்க. உங்க வீட்டுல இப்போ டைல் வேலை நடந்தா, அஞ்சாறு டைலைப் பெட்டியோட பரண்ல போட்டு வைங்க. பெட்டி மேல உள்ள ஷேடு நம்பரைக் கிழிச்சிடாதீங்க.